வடக்குப் படல்

தாக்குவரெம்போவிலிருந்து தவிட்டு லாரி வந்து நின்றபோது
மூட்டை அறுபது,
சினைமாடு நூற்றிருபது.
ஜூன் மாதம். எங்களுக்கு அது உறைபனிக் காலம்.
கோடை முழுக்க ஏய்த்த மழை
புல்லை வேர்வரை வெளுத்துவிட்டுப் போயிருந்தது.

எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்கிறார்கள்.
நான் தேர்ந்தெடுக்கவில்லை.
வடக்குப் படல் லாரிக்குப் பக்கத்தில் இருந்தது.
தெற்குப் படலுக்கு ஓடைச் சேற்றைத் தாண்ட வேண்டும்,
ஓட்டுநருக்கு இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும்.
அவ்வளவுதான்.

அறுபது மாடு அரிசித் தவிடு தின்றது.
அறுபது மாடு கம்பிக்கு அப்பால் நின்று
தவிட்டின் வாசனையைத் தின்றது.

செப்டம்பரில் ஈன்றன.
சாக்குத் தூளியில் தூக்கி நிறை பார்த்தோம்.
இரண்டு கிலோ வித்தியாசம். சிலவற்றில் அதுவும் இல்லை.
"பார்த்தீர்களா, தோன்யா செல்மிரா,
வயிறு தன் பிள்ளைக்கு வஞ்சகம் பண்ணாது"
என்றான் அன்செல்மோ.
நம்பினேன்.
நம்புவதற்குத் தீவனச் செலவில்லை.
அந்த வசந்தத்தில் மழை வந்தது, மடி ஊறியது,
தெற்குக் கன்றுகளும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின.
காது அட்டையைத் திருப்பினால்தான்
எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று தெரியும்.

கறிக்கூடத்தில் அட்டை தேவைப்படவில்லை.
இரண்டரை வருடம் கழித்து
கொக்கியில் வரிசையாகத் தொங்கியதைப் பார்த்துத்
தரம் பிரிக்கும் லார்ரோசா கேட்டார்:
"இரண்டு பண்ணை மாடுகளா இவை?"

மாட்டு டாக்டர் மாபெல்தான் விளக்கினாள்.
தசைநார் எத்தனை என்ற கணக்கு
பிறக்குமுன்பே கருவில் முடிந்துவிடுமாம்.
பிறகு கொட்டும் தீனி
இருக்கிற நாரைத் தடிக்க வைக்கும்,
இல்லாத நாரை நூற்றுத் தராது.

கிடேரிகளை நான் அனுப்பியிருக்கவில்லை.
தோள்வரை கையுறை மாட்டி ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தவள்
"காலி" என்றாள்.
அடுத்ததும் காலி.
தெற்கில் மூன்றுக்கு ஒன்று காலி.
பெண்கரு தாய் வயிற்றில் கிடக்கும்போதே
தன் முட்டைகளை எண்ணி முடிந்துவைத்துக்கொள்ளும் என்றாள்,
கையைக் கழுவியபடி, ஏதோ வானிலை சொல்வதுபோல.

அப்படியானால் அன்றைக்கு வேலியோரம்
பசியோடு நின்றது எத்தனை?
பசு, பசுவுக்குள் கிடேரி,
கிடேரிக்குள் பெயரில்லாத ஒன்று.
என் கணக்குப் புத்தகத்தில்
அறுபது என்றே இருக்கிறது.

அன்செல்மோ கேட்டுக்கொண்டே நின்றான்.
குட்டையானவன், கையில் எலும்பு தெரியும்.
அவன் வயிற்றிலிருந்த வருடம்
அவன் அம்மாவுக்கு மாத்தே இலைத் தண்ணீரும்
காய்ந்த ரொட்டியும்தான்.
"எனக்கும் ஒரு அட்டை அடியுங்கள், தெற்கு என்று"
காது மடலை இழுத்துக் காட்டினான்.
சிரித்தோம்.
மாபெல் சிரிக்கவில்லை.

நானூற்றுப் பதினேழு
இரண்டு முறை காலியானவள்.
வழக்கப்படி லாரி ஏறியிருக்க வேண்டும்.
ஏன் நிறுத்திவைத்தேன் என்று
வங்கிக்காரரிடம் என்னால் சொல்ல முடியாது.
மூன்றாம் முறை மாபெல்
கையை வெளியே எடுக்காமல் வெகுநேரம் நின்றாள்.
"இருக்கிறது. பிந்திய சினை."

இந்தக் கோடையும் ஏய்த்தது.
விலை ஏறியதில் மூட்டை நாற்பதுதான்.
லாரி பழகிய இடத்தில், வடக்குப் படலில் நின்றது.
"இறக்காதே. ஓடை தாண்டிப் போ."
"வண்டி புதையும், செல்மிரா."
"புதைந்தால் டிராக்டர் இருக்கிறது."

புதைந்தது.
டிராக்டரும் புதைந்தது.
பனி இறங்கும்வரை நானும் அன்செல்மோவும்
முதுகில் சுமந்து அக்கரை சேர்த்தோம்.
வாயைப் பிரிக்குமுன்னே
நானூற்றுப் பதினேழு சாக்கை நக்கினாள்,
தையல்மேல், நாக்கு சுரசுரக்க.

எல்லோருக்கும் போதாது என்று தெரியும்.
கடைசி மூட்டையை உதறிவிட்டு நிமிர்ந்தேன்.
ஓடைக்கு அந்தப் பக்கம்
வடக்கு மாடுகள்
கம்பியோரம் வந்து நின்றிருந்தன.